எந்திரத்துக்கு ஒரு தாமிரத் தகடு!

உங்க ஹாஸ்டல் விங்ல நிச்சயம் அப்படி ஒரு லேப்டாப் இருக்கும் பாஸ். ஆன் பண்ணினா பக்கத்து ரூம்காரன் 'மிக்ஸி ஓடுதா?'னு கேட்பான். கீ-போர்டு மேல ஆம்லெட்டே போடலாம். பத்து நிமிஷம் கேம் ஆடினால், ஸ்க்ரீனில் ஓடுகிற ஹீரோ நடக்க ஆரம்பித்துவிடுவான். உடனே நண்பர்கள் கூட்டம் கூடி, 'பழசாகிடுச்சு மச்சி, எடைக்குப் போட்டுடு' என்று தீர்ப்பு எழுதிவிடும்.

எனக்கும் அதே தீர்ப்புதான். நான் கேட்கலை. அது என் அண்ணன் 2012-ல், முதல் வேலையில் சேர்த்த காசில் வாங்கிய கேமிங் லேப்டாப். நான் கோவையில் இன்ஜினீயரிங் சேர்ந்த அன்னிக்கு, 'உடைச்சுடாதே' என்ற ஒரே கண்டிஷனோடு என் கைக்கு வந்தது. அதுக்கு நானே தாமிரத்தில் ஹீட்சிங்க் செய்த கதைதான் இது. நடுவில் ஒரு ராத்திரி, 'அண்ணன் லேப்டாப்பைக் கொன்னுட்டோம்'னு நான் உட்கார்ந்திருந்த கதையும்!

வில்லன் யாரு?

அந்தக் காலத்துப் பெரிய கேமிங் லேப்டாப்கள் பலவற்றில் கிராஃபிக்ஸ் சிப், மதர்போர்டோடு ஒட்டியிருக்காது. எம்.எக்ஸ்.எம். என்ற தனி கார்டில் இருக்கும். 2004-ல் அறிமுகமான முறை. கார்டு செத்தால் கழற்றிவிட்டு வேறு கார்டு மாட்டலாம். என் லேப்டாப்பில் கார்டு போனபோது, ஒரு கடையில் செகண்ட்ஹேண்ட் கார்டு மாட்டித் தந்தார்கள். வேலை செஞ்சுது. ஆனா, கொதிச்சுது!

கழற்றிப் பார்த்தால் விஷயம் புரிந்தது. புது கார்டின் சிப் கொஞ்சம் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. பழைய ஹீட்சிங்க் அதைத் தொடவே இல்லை. அந்த இடைவெளியில் ரப்பர் மாதிரி ஒரு தெர்மல் பேடை வைத்து அடைத்திருந்தார்கள்.

ஃபர்ஸ்ட் இயர் ஹீட் கண்டக்ஷன் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? வெப்ப வித்தியாசம் = வாட் × தடிமன் ÷ (கடத்துதிறன் × பரப்பு). நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சிப் பரப்பு 15-க்கு 15 மி.மீ., இடைவெளி 0.9 மி.மீ., வெப்பம் 50 வாட். பேடின் கடத்துதிறன் சுமார் 3. விடை, 67 டிகிரி! அதாவது, ஹீட்சிங்கைவிட சிப் 67 டிகிரி அதிகமாகக் கொதித்தால்தான் அந்தச் சூடு பேடைத் தாண்டும். அதே இடத்தில் தாமிரம் வைத்தால்? கடத்துதிறன் கிட்டத்தட்ட 400. விடை, அரை டிகிரி. இரண்டு பக்கமும் தடவுகிற மெல்லிய பேஸ்ட்டைச் சேர்த்தாலும் 5 டிகிரிதான். லேப்டாப் கிழவன் ஆகலை பாஸ், அதுக்குப் போர்வை போத்தி விட்டிருக்காங்க!

'வீட்டுக்கா தம்பி?'

தாமிரத் தகடு தேடி முதலில் போனது பூஜை சாமான் கடைக்கு. கடைக்காரர், "எந்திரத் தகடுங்களா தம்பி? வீட்டுக்கா, கடைக்கா?" என்றார். "எந்திரத்துக்குத்தாங்ண்ணா!" என்றேன். அவருக்குப் புரியலை. அந்தத் தகடோ பேப்பர் மாதிரி இருந்தது. அப்புறம் உலோகக் கடையில் 18 கேஜ் தகடு கிடைத்தது. சுமார் 1.2 மி.மீ. 'தடிமனா இருந்தா நல்லதுதானே, சூட்டை நல்லா உறிஞ்சும்' என்று நானே முடிவு பண்ணிக்கிட்டேன். அளக்கலை. அங்கதான் சறுக்கினேன்.

வெட்டினேன், பேஸ்ட் தடவினேன், ஸ்க்ரூவை இறுக்கினேன். நள்ளிரவு 1 மணி. பவர் பட்டன். லைட் எரிந்தது... பத்தே நொடியில் அணைந்தது. மறுபடி ஆன். மறுபடி அணைந்தது. மினி ப்ராஜெக்ட் மொத்தமும் அதுக்குள்ள. அண்ணனுக்கு போன் பண்ண எடுத்து, வெச்சு, எடுத்து, வெச்சு... விடியற வரைக்கும் தூங்கலை.

காலையில் மறுபடி பிரித்தபோது பதில் கண்ணெதிரே இருந்தது. என் லேப்டாப்பில் ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் சேர்த்து ஒரே ஹீட்சிங்க். நான் வைத்த தகடு இடைவெளியைவிடத் தடிமன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, மறுபக்கம் ப்ராசஸரைத் தொடவே இல்லை. ஒரு கால் உயரமான ஸ்டூல் மாதிரி! ப்ராசஸர் சில நொடிகளில் கொதித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே ஆஃப் ஆகியிருக்கிறது. செத்துப் போகலை. பிழைக்கத்தான் அணைஞ்சிருக்கு!

அரை நாள் பாடம்

இந்தத் தடவை அளந்தேன். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டையாக்கி சிப் மேல் வைத்து, நடுவில் பிளாஸ்டிக் ஷீட் போட்டு, பேடை எடுத்துவிட்டு ஹீட்சிங்கை மாட்டி, கழற்றினேன். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. 0.9 மி.மீ. 20 கேஜ் தகடு 0.91 மி.மீ. இருக்கும். கிட்டத்தட்ட சரி!

ஆனால், கடைத் தகடு பார்க்கத்தான் சமம். கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போய், "கிரைண்டர்ல போட்டு சமமாக்கித் தாங்கண்ணா" என்றேன். அண்ணன் சிரித்துவிட்டார். "காப்பர் மேக்னட்டுல நிக்காதுங்க தம்பி. நிறுத்தினாலும் வீல்ல அப்பிக்கும். கண்ணாடி மேல உப்புத்தாள் வெச்சு கையால தேய்ங்க, போதும்!" 400-ல் ஆரம்பித்து 800, 1000 என்று தேய்த்தேன். அரை நாள், இரண்டு சினிமா, கை வலி!

அடுத்து, புது கார்டின் மெமரி சிப்கள் ஹீட்சிங்குக்கு வெளியே நின்றன. அதுக்கு இரண்டு தாமிர இறக்கைகள் வெட்டி, ஹீட்சிங்கின் அடித்தகட்டில் பற்ற வைத்தேன். பற்றவைப்பு அடுப்பு எது தெரியுமா? தலைகீழாக நிறுத்திய அயர்ன் பாக்ஸ்! டின்-பிஸ்மத் கலந்த ஈயப்பற்று 138 டிகிரியிலேயே உருகிவிடும். கேஸ் டார்ச் பக்கம் மட்டும் போகாதீங்க. ஹீட்பைப் குழாய்க்குள் துளி தண்ணீர் இருக்கும். அது ஆவியாகி, குளிர்ந்து, திரும்பி வருவதுதான் அதோட வேலையே. ஓவராகச் சூடேற்றினால் அழுத்தம் ஏறி குழாய் வீங்கிவிடும். பழைய பற்றும் இளகலாம், அதனால் கிளிப் போட்டு அசையாமல் பிடிச்சுக்கணும். மெமரி சிப்களுக்கு மெல்லிய தெர்மல் பேடுதான் வைத்தேன். சூடு குறைவான இடத்தில் பேடு நல்ல பிள்ளை!

ரிசல்ட்? முன்பு அதே கேமில் 96 டிகிரி தொட்டு, தடுமாறி, வேகம் குறையும். இப்போ 78. ரூம் 30 டிகிரி இருக்கும்போது இரண்டையும் அளந்தேன். மத்தியானம் அளந்ததையும் ராத்திரி அளந்ததையும் ஒப்பிட்டு ஏமாறாதீங்க, ப்ளீஸ்!

கவனம் பாஸ்!

தாமிரம் சூட்டை அழிக்காது, கடத்தும். வெளியே தள்ளுவது ஃபேனும் ஃபின்ஸும்தான். 200 கிராம் தாமிரத்தைச் சும்மா ஒட்டி வைத்தால், 50 வாட் சூட்டில் ஒரே நிமிஷத்தில் அதுவும் 40 டிகிரி ஏறிவிடும். அதனால் முதல் வேலை, ஃபின்ஸில் அடைத்திருக்கும் தூசியை எடுப்பது. பாதிப் பேருக்கு அதுவே போதும். இரண்டாவது, தாமிரம் கரன்ட்டையும் கடத்தும். சிப்பைச் சுற்றியுள்ள குட்டிப் பாகங்கள் மேல் கேப்டன் டேப் ஒட்டுங்க, பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கை வைங்க. மூணாவது, 'லிக்விட் மெட்டல்' ஆசை வந்தால், அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். அலுமினிய ஹீட்சிங்க் என்றால் நினைச்சே பார்க்காதீங்க.

ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகுதான் அண்ணனுக்கு போன் பண்ணி, அந்த ராத்திரி உட்பட எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டப் போறார்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

"டேய்... அதுல என்னோட பழைய கேம் சேவ் எல்லாம் இன்னும் இருக்கா?"

இருக்கு. இந்தப் பொங்கலுக்கு வந்து, விட்ட இடத்துலேர்ந்து ஆடப் போறாராம்.

உங்க கட்டிலுக்கு அடியில் தூங்குற கிழவனை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை திறந்து பாருங்க. உள்ள ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் பிரச்னையா இருக்கலாம். ஆனா, அளந்துட்டு வெட்டுங்க பாஸ்!