இதய நோயாளர் நடைப்பயிற்சி: பேச்சே அளவுகோல்

'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் நடைபாதை 8 கிலோமீட்டர் நீளமுடையது. மாரடைப்பிலிருந்து மீண்டவர் அத்தொலைவை இலக்காகக் கொண்டு தொடங்கலாகாது. ஒலக்கூரில் வாழ்வோர், மருத்துவரின் ஒப்புதலுடன், வெயில் ஏறுமுன் சமதளமான தெருவில் 5 நிமிடம் நடந்து தொடங்கலாம். உடல் ஏற்றுக்கொண்டால், சில வாரங்களில் படிப்படியாக 30 நிமிடமாக்கலாம்.

நடக்கையில் உடன் வருபவரிடம் தடையின்றிப் பேச இயல வேண்டும். ஒரு வாக்கியம் முடியுமுன் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை உட்கொள்வோருக்கு நாடியைவிட இதுவே நம்பத்தக்க அளவுகோல்.

நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி, தலைசுற்றல் தோன்றினால் உடனே அமருங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால் அமர்ந்தபடியே வையுங்கள். 5 நிமிடத்தில் தணியாவிடில் 108ஐ அழையுங்கள். 'வாய்வுதான்' என்றெண்ணிக் காத்திருக்க வேண்டா.