ஒரு நட் தாங்கிய பாரம்

1981ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் ஹையாட் ரீஜென்சி ஓட்டலில் நடன விழா. உயரமான பெரிய கூடம் முழுவதும் மக்கள். கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருந்த நடைபாலங்களிலும் சிலர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தனர். திடீரென்று நான்காம் தளத்துப் பாலமும், அதற்கு நேர் கீழே இருந்த இரண்டாம் தளத்துப் பாலமும் கூட்டத்தின் மீது விழுந்தன. 114 பேர் மாண்டனர். ஓட்டல் திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

கம்பி அறுந்துவிட்டதா? இல்லை. பின் எது முறிந்தது?

முதலில் போட்ட திட்டம் இதுதான்: கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி, மேல் பாலத்தின் உத்திரத்தை ஊடுருவிச் சென்று கீழ்ப் பாலத்தையும் தாங்க வேண்டும். ஒவ்வோர் உத்திரத்திற்கும் அடியில் ஒரு நட். ஆனால் மேல் நட்டை ஏற்றுவதற்குக் கம்பியில் நெடுந்தூரம் மரை வெட்ட வேண்டியிருக்கும். எனவே கம்பியை இரண்டாக்கினார்கள். ஒன்று கூரையிலிருந்து மேல் உத்திரம் வரை; மற்றொன்று மேல் உத்திரத்திலிருந்து கீழ் உத்திரம் வரை. வரைபடத்தில் பொறியாளரின் முத்திரையும் விழுந்தது.

இதனால் என்ன வேறுபாடு? நீங்களே சோதித்துப் பாருங்கள்.

இரண்டு துணிப்பைகளில் 1 கிலோ மணல் வீதம் நிரப்புங்கள். உயரே கட்டிய கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டு, அதில் சுருள்வில் தராசை மாட்டி, அதில் முதல் பையைத் தொங்கவிடுங்கள். இரண்டாவது பையைக் கயிற்றின் நுனியில் கட்டுங்கள். தராசு 1 கிலோ காட்டும். இப்போது கீழ்ப் பையை அவிழ்த்து, மேல் பையின் அடியில் கட்டுங்கள். தராசு 2 கிலோ காட்டும்! கயிற்றின் உச்சியில் இருமுறையும் அதே 2 கிலோதான்.

அங்கும் இதுவே நடந்தது. மேல் கம்பியின் இழுவிசை மாறவில்லை. மேல் உத்திரத்தின் அடியிலிருந்த நட் மட்டும் இருமடங்கு பாரத்தை ஏற்றது. அந்த இடத்தில் உத்திரம் பிளந்து, நட்டை விட்டுக் கீழே நழுவியது. முதல் திட்டமே நகரக் கட்டட விதி கேட்ட வலிமையில் சுமார் 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது. மாற்றத்தால் அது 30 விழுக்காடாகக் குறைந்தது. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தனர்.

என் வகுப்பில் "கம்பியில் இழுவிசை எவ்வளவு?" என்று கேட்டால் உடனே விடை வரும். "நட்டின் மேல்?" என்றால் அமைதிதான். ஒவ்வோர் இணைப்பையும் தனியே பிரித்து வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளைக் குறித்துப் பார்ப்பது மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல, மாணவர்களே. அன்று அந்த இணைப்புக்கு அப்படி ஒரு படம் வரைந்து கணக்கிட்டிருந்தால், பிழை காகிதத்திலேயே பிடிபட்டிருக்கும்.