ஓரணா ஸ்டாம்பு: சிவப்பா, சாக்லேட்டா?

இந்த வாரம் செஞ்சியிலிருந்து ஒரு நேயர் அனுப்பின வாட்ஸ்அப் படத்தை வச்சுத்தான் பேசப் போறோம். பாட்டியோட டிரங்குப் பெட்டியில் ஒரு காலி கவர் கிடைச்சிருக்கு. விலாசம் தென்னாற்காடு ஜில்லா, செஞ்சி. முத்திரையில் ரங்கூன்னு படிக்க முடியுது, வருஷம் மட்டும் மையில் கலைஞ்சு போச்சு.

அவங்க கொள்ளுத்தாத்தா பர்மாவுக்கு வேலைக்குப் போனவர். 1920-க்குப் பிறகு தகவலே இல்லை, அங்கேயே இறந்துட்டார்னுதான் வீட்டில் சொல்லி வந்திருக்காங்க. "இந்தக் கவர் எந்த வருஷம் சார்?" இதுதான் கேள்வி.

முதல்ல முகத்தைப் பார்க்கணும், அப்புறம்தான் நிறம். ஏன்னா பழுப்பு நிறத்தில் விக்டோரியா மகாராணி ஓரணாவும் உண்டு. அது 1900-வாக்கில் சிவப்பாக மாறிடுச்சு. அரையணாவுக்குப் பச்சை, ஓரணாவுக்குச் சிவப்பு, இரண்டரை அணாவுக்கு நீலம்னு சர்வதேச தபால் ஒன்றியத்தின் நிற ஒழுங்குக்கு இந்தியா வந்த காலம் அது. பிரிட்டனிலும் அதே 1900-ல்தான் சிவப்பு அரைப்பென்னி பச்சை ஆச்சு. பாஷை படிக்கத் தெரியாத ஊர் தபால்காரரும் நிறத்தை வச்சே கட்டணம் சரியான்னு பார்த்துடலாம் இல்லையா?

நம்ம கவரில் இருக்கிறது ஐந்தாம் ஜார்ஜ். இங்கதான் விஷயமே இருக்கு. அவர் தலை போட்ட ஓரணா 1911-ல் செஞ்சிவப்பா வந்தது. 1922-ல் படத்தை மாத்தாம நிறத்தை மட்டும் சாக்லேட் ஆக்கினாங்க. சாதாரணக் கடிதக் கட்டணம் அரையணாவிலிருந்து ஓரணாவா ஏறினதும் அதே வருஷம்தான். ஆக, சாக்லேட் ஓரணா ஒட்டின கவர் 1922-க்கு முன்னாடி தபாலில் போயிருக்கவே முடியாது.

ஆனா அவசரப்படக் கூடாது. சில சிவப்பு, ஆரஞ்சு மைகள் காற்றில் இருக்கிற கந்தகம் பட்டுக் கருத்து, பழுப்பாத் தெரியும். செல்போன் கேமராவும், மஞ்சள் பல்பும் பொய் சொல்லும். அதனால காலை வெளிச்சத்தில், வெயில் நேரா படாத இடத்தில், முத்திரைத் தேதி தெளிவா இருக்கிற இன்னொரு சாக்லேட் ஓரணாவைப் பக்கத்தில் வச்சுப் படம் எடுக்கச் சொன்னேன். ரெண்டும் அச்சா ஒண்ணு. கருத்துப்போன சிவப்பு இவ்வளவு சீரா இருக்காது. எங்கேயாவது ஓரத்தில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

கீழ் எல்லை 1922. மேல் எல்லை? 1937 ஏப்ரல் 1-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிஞ்சது. அதிலிருந்து அங்கே தனி ஸ்டாம்பு. முதல்ல இந்திய ஸ்டாம்பு மேலேயே 'பர்மா'ன்னு அச்சடிச்சு வித்தாங்க. நம்ம ஸ்டாம்பில் அந்த எழுத்து இல்லை. அப்போ 1922-க்கும் 1937-க்கும் நடுவில்.

இன்னும் நெருங்கணும்னா நீரோட்டக் குறியைப் பார்க்கலாம். 1926 முதல் நாசிக்கில் அச்சான தாளில் நட்சத்திரங்கள் நிறைய, நெருக்கமா இருக்கும். அதுக்கு முன்னாடி லண்டனில் அச்சானதில் ஸ்டாம்புக்கு ஒண்ணுதான். ஆனா அதைப் பார்க்க ஸ்டாம்பைத் தண்ணியில் ஊறவச்சுப் பிரிக்கணும். தயவுசெஞ்சு வேண்டாம். ரங்கூன் முத்திரையும் ஸ்டாம்பும் ஒண்ணா இருக்கிறதுதான் உங்க சாட்சியே.

எழுதினது கொள்ளுத்தாத்தாதானான்னு ஸ்டாம்பு சொல்லாது. பெட்டியில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு பத்திரம் இருக்காம், அதோட விலாச எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கேன். கவரின் பின்பக்கத்தையும் கேட்டிருக்கேன். வந்து சேர்ந்த ஊர் முத்திரையை அங்கேதான் குத்துவாங்க. செஞ்சியில் குத்தின மை கலையாம இருந்தா, தேதியே கிடைச்சுடும்.