வெற்று வானத்தைக் குறிபார்ப்பவர்

விளையாட்டுத் திடலில் ஓடிக்கொண்டிருக்கும் நண்பனுக்கு நீங்கள் பந்தை எறிகிறீர்கள். அவன் இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்தா எறிவீர்கள்? இல்லை. சில அடி முன்னால் எறிவீர்கள். பந்து போய்ச் சேருவதற்குள் அவனும் அங்கே வந்துவிடுவான். இந்த எளிய உண்மையைக் கொண்டே ஆறு ஒலிம்பிக் பதக்கங்களை வென்றவர் அமெரிக்க வீராங்கனை கிம் ரோட். அவருடைய ஆட்டம், பறக்கும் தட்டுகளைச் சுடுவது.

களிமண் இல்லாத களிமண் தட்டு

1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். இன்று அந்தக் கொடுமை இல்லை. புறாவுக்குப் பதில் 11 செ.மீ. விட்டமும் 105 கிராம் எடையும் உள்ள ஒரு தட்டை எந்திரம் வீசுகிறது. தொடக்கத்தில் சுட்ட களிமண்ணால் செய்ததால் 'களிமண் தட்டு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இப்போது சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து செய்கிறார்கள். எந்திரம் அதைச் சுழற்றியே வீசுகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் தட்டும் புரளாமல் சீராகப் பறக்கிறது.

ஒரு சிறு கணக்கு

'ஸ்கீட்' என்னும் போட்டியில் திடலின் இரு ஓரங்களிலும் உள்ள கூண்டுகளிலிருந்து தட்டுகள் பாய்கின்றன. வீராங்கனை துப்பாக்கியின் அடிக்கட்டையை இடுப்பருகே வைத்துக்கொண்டு குரல் கொடுப்பார். தட்டு உடனேயும் வரலாம், மூன்று விநாடி கழித்தும் வரலாம்.

வெளிவரும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 90 கி.மீ., அதாவது விநாடிக்கு 25 மீட்டர். கண் கண்டதற்குக் கை இயங்க 0.2 விநாடி ஆகும் என்று கொள்வோம். அதற்குள் தட்டு 5 மீட்டர் போய்விடும்!

இனி, சுடுபவருக்கு 19 மீட்டர் தொலைவில் தட்டு குறுக்கே கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையால் அதன் வேகம் விநாடிக்கு 20 மீட்டராகக் குறைந்திருக்கும். ரவைகளின் சராசரி வேகம் விநாடிக்கு 330 மீட்டர் எனக் கொண்டால், அவை அங்கே போய்ச் சேர 19 ÷ 330 = சுமார் 0.06 விநாடி ஆகும். அந்நேரத்தில் தட்டு நகரும் தொலைவு 20 × 0.06 = 1.2 மீட்டர்.

ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈய ரவை இருக்கும். ஒவ்வொரு ரவையும் 2 மி.மீ. விட்டமுடையதானால், ஏறத்தாழ 500 ரவைகள். அவை அத்தொலைவில் முக்கால் மீட்டர் அகலத்துக்கு விரிந்து பரவும். அதாவது, மையத்திலிருந்து ஒரு பக்கத்துக்கு 40 செ.மீ. கூட இல்லை. ஆகவே தட்டையே நேராகக் குறிபார்த்தால் ஒரு ரவைகூடப் படாது! தட்டுக்கு முன்னால் உள்ள வெற்று வானத்தைத்தான் குறிபார்க்க வேண்டும். சுடும்போதும் துப்பாக்கியை நிறுத்தாமல் தட்டோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் குறி பின்தங்கிவிடும்.

ஆட்டமே மறைந்தபோது

கிம் ரோட் 1979இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1996இல் அட்லாண்டாவில் தங்கம் வென்றபோது அவருக்கு 17 வயது நிறைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. அது 'டபுள் டிராப்' போட்டி. ஒரே நேரத்தில் எழும் இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துச் சுட வேண்டும். 2000இல் சிட்னியில் வெண்கலமும், 2004இல் ஏதென்சில் மீண்டும் தங்கமும் கிடைத்தன.

அத்துடன் பெண்களுக்கான டபுள் டிராப் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. தங்கம் வென்றவருக்கு அடுத்த ஒலிம்பிக்கில் தம் ஆட்டமே இல்லை! அவர் ஸ்கீட் போட்டியில் முழுமூச்சாக இறங்கினார். தட்டு வரும் திசை வேறு, கோணம் வேறு, துப்பாக்கியைப் பிடித்து நிற்கும் நிலையும் வேறு. கைக்குப் பழகிய அளவுகளையெல்லாம் மாற்றிப் பழக வேண்டியிருந்தது. 2008இல் பெய்ஜிங்கில் மூவர் 93 புள்ளிகளுடன் சமநிலையில் நின்றார்கள். வெற்றியைத் தீர்மானிக்க நடந்த கூடுதல் சுற்றில் அவருக்கு வெள்ளி கிடைத்தது.

அதே ஆண்டில் இன்னொரு இழப்பு. பல ஆண்டுகளாகக் கைக்கு இசைந்திருந்த துப்பாக்கி திருடுபோயிற்று. பின்னர் காவல்துறை அதை மீட்டது. ஆயினும் இடைக்காலத்தில் புதிய துப்பாக்கி ஒன்றுடன் பயிற்சியைத் தொடர்ந்தார். எடையும் நீளமும் சற்று மாறினாலும் கை திருப்பும் வேகம் மாறிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2012இல் லண்டனில் 100 தட்டுகளில் 99ஐ உடைத்துத் தங்கம் வென்றார். 2016இல் ரியோவில் வெண்கலம். தொடர்ந்து ஆறு கோடைகால ஒலிம்பிக்குகளில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் வீரர் அவரே. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

நண்பர் ஒருவர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். கீழே, சுழிக் குறிக்கு நேராக உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால் உங்களுக்கு ஆன நேரம் 0.2 விநாடி. (s = ½gt² என்னும் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்.) பத்து முறை செய்து சராசரி காணுங்கள். ஒரு மாதம் பழகியபின் மீண்டும் அளந்து பாருங்கள். நேரம் சிறிதளவே குறையும். பயிற்சியின் பெரும்பயன் வேறிடத்தில் இருக்கிறது. அடுத்து என்ன வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கக் கண்ணும் கையும் கற்றுக்கொள்கின்றன. 100க்கு 99 என்பது அப்படிக் கிடைத்ததுதான்.