பழைய எஞ்சினா, புதிய எஞ்சினா? சொந்த லாரிக்காரருக்கு ஒரு கணக்கு

இலக்கணமும் கல்வெட்டும் பேசும் சங்க மலரில் லாரி எஞ்சினுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு லாரியை நம்பிப் பிழைப்பவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். 1960-ல் எல்லை மாறித் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நாம் இந்தப் பக்கம் நின்றோம். மாங்காயும் தக்காளியும் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. அவற்றை ஏற்றிக்கொண்டு வேலூருக்கும் கோயம்பேட்டுக்கும் போய் வருகிறவர்கள் நம் பிள்ளைகள்தாம்.

நான் சித்தூரில் டீசல் பம்பு ஷெட் வைத்து முப்பது வருஷம் கை கறுத்தவன். கொஞ்ச காலத்துக்கு முன் என் அக்காள் மகன் வந்தான். "மாமா, வண்டி எடுக்கப் போறேன். 2014 மாடல் ஆறு சக்கரம் ஒண்ணு சல்லிசா வருது. புதுசுன்னா ஃபைனான்ஸ்ல வீட்டுப் பத்திரம் கேக்கறாங்க. எதை எடுக்கட்டும்?" என்றான். வீடு அக்காள் பெயரில் இருக்கிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அவனுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

எஞ்சினில் என்ன மாறியது?

ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய தத்துவம் இன்றும் மாறவில்லை. காற்றை அழுத்திச் சூடாக்கி, அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். மாறியவை இரண்டு: எண்ணெயை அளந்து விடும் முறை, புகையைக் கழுவும் முறை.

பாரத் ஸ்டேஜ் 3 என்ற விதி 2010-ல் நாடு முழுவதும் வந்தது. அந்தக் காலத்து லாரிகள் பலவற்றில் எண்ணெயை அளப்பது பம்பிலுள்ள இரும்புப் பாகங்கள்தாம். நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் சுற்றி இருக்கும். பழுதானால் ஸ்பானரும் காதும் போதும்; நடு ரோட்டிலும் பிரித்துச் சேர்க்கலாம். 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4 நாடெங்கும் கட்டாயமாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்புதான், விற்காமல் நின்ற பி.எஸ். 3 வண்டிகளையும் இனி விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு ஐந்தைத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 வந்தது.

புதியவற்றில் காமன் ரெயில் குழாயில் 1,600 பாரும் அதற்கு மேலும் அழுத்தம் நிற்கிறது. எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. எண்ணெய் பொடிப்பொடியாய் உடைந்து நன்றாக எரிவதால் அதே டீசலில் இழுவை கூடும். டீசலும் மாறியிருக்கிறது: கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கிலிருந்து 50 ஆகி, இப்போது 10. கந்தகம் அதிகமிருந்தால் புகை கழுவும் சாமான் கெட்டுவிடும். அதனால்தான் எண்ணெயை முதலில் திருத்தினார்கள்.

புகை கழுவும் சாமான் இரண்டு. ஒன்று, கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி. அதில் சேரும் கரியை 600 டிகிரிச் சூட்டில் அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். மற்றொன்று, நம்மவர் 'யூரியா தண்ணி' என்று சொல்லும் திரவம். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா. மீதி சுத்தமான நீர். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அது நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றிவிடும். பி.எஸ். 3-ல் ஒரு யூனிட் வேலைக்கு 5 கிராம் வரை விடலாம் என்றிருந்தது, பி.எஸ். 6-ல் அரை கிராமுக்கும் குறைவு. இது சும்மா வந்த கெடுபிடி அல்ல. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012-ல் வகைப்படுத்தியது. ஷெட்டுக்குள் அந்தப் புகையைக் குடித்தவன் நான்.

தூரம்தான் தீர்ப்பு

ஒரு கணக்குப் போடுவோம். பழைய வண்டி லிட்டருக்கு 3.5 கி.மீ., புதியது 4 கி.மீ. என்றும், டீசல் 95 ரூபாய், யூரியா தண்ணி 60 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். யூரியா டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு செலவாகும். மாதம் 6,000 கி.மீ. ஓடினால் டீசலில் 214 லிட்டர், அதாவது சுமார் 20,300 ரூபாய் மிச்சம். யூரியாவுக்கு 4,500 போனால் கையில் நிற்பது 15,800. மாதம் 2,500 கி.மீ.தான் ஓடுவேன் என்றால் நிற்பது 6,600 மட்டுமே. புது வண்டியின் டியூ எவ்வளவு என்பதை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு மிச்சம் டியூவில் ஒரு பகுதியைத் தாங்கும். உள்ளூரில் ஓடுகிறவருக்குத் தாங்காது.

இன்னொன்றும் உண்டு. மாங்காய்ச் சீசனில் தாமலச்செருவிலிருந்து கூழ் ஃபேக்டரிக்கு லோடு போனால், வாசலில் வரிசையில் நின்று நின்று நகர வேண்டும். எஞ்சின் ஓடும், சூடேறாது. வடிகட்டியில் கரி சேரும், எரியாது. கடைசியில் விளக்கு எரிந்து வண்டி மக்கர் பண்ணும். அதே வண்டி மொகிலி கணவாய் ஏறிப் பெங்களூர் போய் வந்தால் தானே சுத்தமாகிக்கொள்ளும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2018-ல் யூரியா தண்ணி ஊற்றும் பி.எஸ். 4 வண்டி ஒன்று வைத்திருந்தேன். வழியோரக் கடையில் விலை குறைவு என்று ஒரு கேன் வாங்கி ஊற்றினான் டிரைவர். மதனப்பள்ளித் தக்காளியோடு பீலேர் தாண்டியதும் இழுவை விட்டுப்போனது. கம்ப்யூட்டர் தானாகவே பலத்தைக் குறைத்துவிட்டது. முப்பது வருஷம் பம்பு பிரித்தவன், பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கை வைக்க ஒன்றுமில்லை. கோயம்பேடு சேர்ந்தபோது விடிகாலை வியாபாரம் முடிந்திருந்தது.

பழசுக்கும் பாதை திறந்தில்லை

அப்படியானால் பழசே மேலா? சட்டம் குறுக்கே நிற்கிறது. இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 ஆண்டு, அதற்கு மேற்பட்ட ஆக்சில் உள்ளதற்கு 15 ஆண்டு. அதன்பின் நேஷனல் பர்மிட் கிடையாது. எல்லையோரத்தில் வாழும் நமக்கு அது இல்லாமல் பிழைப்பு ஏது? எட்டு வருஷம் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். 15 ஆண்டு தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயாயிற்று, பிறகும் ஏறியிருக்கிறது. டெல்லிக்குள் வெளியூர் பி.எஸ். 3 சரக்கு வண்டிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் தடை.

இந்தத் தவிப்பு நமக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் 2007-ல் வடிகட்டியும் 2010-ல் யூரியாவும் வந்தபோது, அங்குள்ள சொந்த லாரிக்காரர்கள் புது பாடிக்குள் பழைய எஞ்சினை வைத்து ஓட்டினார்கள். 'கிளைடர்' என்று அதற்குப் பெயர். 2016-ல் அரசு அதற்கும் உச்சவரம்பு போட்டது. புதியதிலும் ஆபத்து உண்டு: 2021-ல் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியதும் தென்கொரியாவில் லாரிகள் அந்தத் தண்ணிக்காக அலைந்தன.

முடிவு

அக்காள் மகனிடம் மூன்று கேள்வி கேட்டேன். மாதம் எத்தனை கி.மீ.? லோடு கையில் இருக்கிறதா, புரோக்கரை நம்பியா? மூன்று மாதம் வண்டி நின்றாலும் டியூ கட்ட முடியுமா? முதலுக்கு மூவாயிரம் என்றான். இரண்டாவதற்குத் தலையைச் சொறிந்தான். மூன்றாவதற்குப் பதிலில்லை.

அவன் சொன்ன 2014 ஆறு சக்கரத்துக்கு 2026-ல் பர்மிட் ஆயுசு முடிகிறது. சல்லிசாக வருவதன் ரகசியம் அதுதான். நான் சொன்னது நடுவழி: 2018 மாடல் பத்துச் சக்கரம், பி.எஸ். 4. கரி வடிகட்டித் தொல்லை இல்லை, 2033 வரை பர்மிட் உண்டு, வீட்டுப் பத்திரம் அலமாரியிலேயே இருக்கும். வாங்குமுன் ஸ்கேனர் வைத்துப் பழைய கோளாறுகளைப் பார்க்க வேண்டும். யூரியா சிஸ்டத்தை யாராவது கழற்றியோ ஏமாற்றியோ வைத்திருந்தால் தொடக்கூடாது. ஊர் ஊராய் நிலையான லோடு கிடைத்தபின் பி.எஸ். 6-க்குப் போகட்டும்.

வண்டி இப்போது ஓடுகிறது. முதல் லோடு ஏற்றிய அன்று அக்காள் போன் செய்து, "எஞ்சின் நல்லதாடா தம்பி?" என்று கேட்டாள். "எஞ்சின் நல்லதுதான் அக்கா, யூரியாவை மட்டும் பில் போட்டு வாங்கச் சொல்லு" என்றேன்.