தஸ்ஸிலி: தண்ணீர் செதுக்கிய பாலைமலை

அல்ஜீரியாவின் தென்கிழக்கு மூலையில், லிபிய எல்லையை ஒட்டிக் கிடக்கிறது தஸ்ஸிலி நஜ்ஜேர் பீடபூமி. 72,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மணற்கல் பூமியை யுனெஸ்கோ 1982இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாறைகளில் தீட்டியும் செதுக்கியும் வைக்கப்பட்ட 15,000க்கும் மேற்பட்ட உருவங்கள் இங்கே உள்ளன. மழை அபூர்வமாகவே பெய்யும் சகாரா நடுவே இருந்தாலும், இந்த மலையின் உருவமும் வரலாறும் தண்ணீர் தந்தவை.

பழைய கதை பனியில் தொடங்குகிறது. சுமார் 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய சகாரா தென்துருவத்தின் அருகே இருந்தது. அதன்மேல் நகர்ந்த பனிப்பாளங்கள் இழுத்த கீறல்களைத் தஸ்ஸிலியின் பாறைகளில் இன்றும் காணலாம். வெகு காலத்துக்குப் பின் ஓடிய ஆறுகள் மணற்கல்லை அறுத்துப் பள்ளத்தாக்குகளாக்கின. எஞ்சிய பகுதிகளை மழையும் காற்றும் அரித்துத் தூண்களாகவும் வளைவுகளாகவும் விட்டுவைத்தன. செஃபார் என்னும் இடத்தில் இந்தத் தூண்கள் தெருக்களைப் போல வரிசைகட்டி நிற்பதைப் பார்ப்பவர், பாழடைந்த நகரம் என்றே முதலில் நினைப்பார்.

மனிதர் வந்த காலத்தில் சகாரா பசுமையாக இருந்தது. பூமியின் அச்சு, வேகம் குறையும் பம்பரத்தைப் போல மெல்லத் தலையாட்டுகிறது. அதனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் பருவம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று அது ஜனவரியில் நிகழ்கிறது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வடகோளத்தின் கோடையில் நிகழ்ந்தது. நிலம் கூடுதலாகச் சூடேறியதால் அட்லாண்டிக்கின் ஈரக்காற்று வடக்கே வெகுதூரம் உள்ளே புகுந்தது. ஏரிகள் நிரம்பின, புல்வெளி பரந்தது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் அந்த மழை பின்வாங்கிவிட்டது.

இந்த மாற்றம் முழுவதும் பாறைகளில் பதிவாகியிருக்கிறது. பழைய செதுக்கல்களில் யானை, ஒட்டகச்சிவிங்கி, இன்று அழிந்துபோன பெருங்கொம்பு எருமை. உருண்டைத் தலையும் முகமற்ற உடலுமாக மனித உருவங்கள் ஒரு காலத்தவை. பின்னர் மாட்டு மந்தைகள், மேய்ப்பர்கள், குடிசைகள், அதன்பின் குதிரை பூட்டிய தேர்கள், கடைசியாக ஒட்டகம். மந்தை ஓவியங்கள் வெறும் கற்பனையல்ல. பக்கத்து மலையான லிபியாவின் தட்ரார்ட் அக்காக்கஸில், தகர்கோரி என்ற இடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் பால் கொழுப்பு ஒட்டியிருந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அவை கி.மு. ஐந்தாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை.

ஓவியங்களின் வயதைக் கணிப்பது எளிதல்ல. பெரும்பாலான நிறங்கள் காவிமண், அதாவது இரும்பு ஆக்சைடு. கரிமக் காலக்கணிப்புக்கு அதில் எதுவும் இல்லை. செதுக்கல்களுக்கு ஒரு துணை உண்டு: வெயிலும் பனியும் படும் பாறை, மாங்கனீசும் இரும்பும் கலந்த கரும்பூச்சு பெறுகிறது. செதுக்கிய கோடு சுற்றியுள்ள பாறையளவுக்குக் கறுத்திருந்தால் அது மிகப் பழையது. ஆனால் இது ஒப்பீட்டு வயதுதான்.

1950களில் பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்ரி லோத் ஓவியர்களுடன் வந்து நூற்றுக்கணக்கான பிரதிகள் எடுத்தார். உலகம் தஸ்ஸிலியை அறிந்ததற்கு அவர்தான் காரணம். மங்கிய நிறங்களைத் தெளிவாக்க அவருடைய குழு சுவர்களைத் தண்ணீரால் துடைத்தது. நிறமியை அது கழுவியதோடு உப்பையும் மேலே இழுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடித்தவை இதனால் வெளிறின. தஸ்ஸிலியில் ஜப்பாரன் என்ற இடத்தில் உள்ள சுமார் ஆறு மீட்டர் உயர உருவத்துக்கு அவர் வைத்த ‘செவ்வாய்க் கடவுள்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு, வேற்றுக்கிரகவாசிகள் கதையும் பின்னால் கிளம்பியது. அந்தக் கதைக்கு ஆதாரம் ஏதுமில்லை.

இங்கே போக விரும்புவோர் ஜானெட் என்ற சோலை ஊரை அடைந்து, அங்கிருந்து செங்குத்தான கணவாய்ப் பாதையில் அரை நாள் ஏறவேண்டும். வாகனம் போகாது. சுமையைக் கழுதைகள் தூக்கும். வழிகாட்டிகள் துவாரெக் மக்கள். மணலைத் தணலால் சூடாக்கி, அதற்குள் புதைத்துச் சுடும் தகுல்லா ரொட்டியும் சிறு கண்ணாடிக் குவளைகளில் மூன்று முறை வரும் தேநீரும் இரவுச் சாப்பாட்டின் பகுதி.

கூடாரம் போடும் இடத்தைத் தண்ணீரை நினைத்தே தேர்வார்கள். வறண்ட ஆற்றுப்படுகையின் மென்மணல் படுக்க இதமானது. ஆனால் பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்யும் மழையின் வெள்ளம் எச்சரிக்கையின்றி அங்கே பாயும். ஆகவே படுகைக்குச் சற்று மேலே, காற்று மறைவான பாறை அடியே உசிதம். பகல் சூட்டைப் பிடித்துவைத்த பாறை இரவில் கொஞ்சம் வெதுவெதுப்பு தரும். குளிர்காலத்தில் மேட்டில் இரவு வெப்பம் பூச்சியத்தை நெருங்குவதுண்டு. குவெல்தா எனப்படும் பாறைக்குட்டைகளின் நீரைக் காய்ச்சியே குடிக்கவேண்டும். காலையில் காலணியை உதறாமல் அணியக் கூடாது, தேள் இருக்கலாம். ஓவியமுள்ள பாறையடியில் அடுப்பு மூட்டுவது பெருந்தவறு, புகைக்கரி ஒருபோதும் போகாது.

விறகுக்கும் எல்லை உண்டு. தஸ்ஸிலி சைப்ரஸ் மரங்களில் உலகெங்கும் சுமார் 230 மட்டுமே இயற்கையில் எஞ்சியுள்ளன, அவை யாவும் இந்தப் பீடபூமியில். சில 2,000 ஆண்டுகளைக் கடந்தவை. இவற்றின் விதைக்கரு தந்தை மரத்தின் மகரந்தத்திலிருந்தே உருவாகிறது, தாய் மரம் சத்து மட்டும் கொடுக்கிறது என்று 2001இல் கண்டறிந்தார்கள். பாதுகாக்கப்பட்ட இந்த மரங்களை வெட்டுவது குற்றம். பயணிகள் எரிவாயு அடுப்பைக் கொண்டுபோவதே முறை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். வழிகாட்டி இல்லாமல் மேலே ஏற அனுமதியில்லை.