அந்தரங்க ஆயத்தம்

பரீட்சைக்கு ஆயத்தமாவது இன்னதென்று மாணவராகிய நாம் நன்கறிவோம். அதற்கு நாள் குறிக்கப்பட்டிருக்கின்றது, பாடமும் வகுக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் கடவுள் நம்மை எப்பணிக்கு அழைப்பார், என்று அழைப்பார் என்பதை முன்னறிந்தார் ஒருவருமிலர். ஆகையால் அப்பணிக்குரிய ஆயத்தம், பிறர் காணாத அன்றாடப் பொழுதுகளிலேயே நடைபெறல் வேண்டும். வில்லியம் கேரி என்னும் பெரியாரின் வாழ்க்கை இதனைத் தெளிவுறக் காட்டும்.

கேரி 1761 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ஒரு சிற்றூரிலே பிறந்தார். பதினான்கு வயதளவில், பாதரட்சை தைக்கும் ஒருவரிடம் தொழில் பயில அமர்ந்தார். அக்கடையிற் கிடந்த வேதவியாக்கியானம் ஒன்றில் கிரேக்கச் சொற்கள் சில அவர் கண்ணிற் பட்டன. அவற்றைப் பார்த்தெழுதிக்கொண்டு, கற்றார் ஒருவரிடஞ் சென்று பொருள் கேட்டறிந்தார். பின்னர்த் தொழிலுக்கிடையே இலத்தீன், கிரேக்கு, எபிரெயு மொழிகளையும் பயின்றார். இவை எதற்கு உதவும் என்று அவர் அப்பொழுது அறிந்திலர்.

அறிவைப் போலவே ஒழுக்கமும் அந்தரங்கத்திலேதான் சோதிக்கப்படுகின்றது. ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில் அவருக்கு வெகுமதியாகக் கிடைத்த ஷில்லிங்குகளுள் ஒன்று செல்லாக்காசாயிருந்தது. அதைத் தம் எஜமானர் பணத்தோடு கலந்து, நல்ல நாணயத்தைத் தமக்காக்கிக்கொண்டார். இம்முறை தப்பினால் இனித் தீமை செய்யேன் என்று கடவுளை வேண்டவுஞ் செய்தார்! பொய் வெளிப்பட்டது, நெடுநாள் வெட்கி வருந்தினார். அவ்வெட்கமே தம் உள்ளத்தின் நிலையைத் தமக்கு உணர்த்திற்று என்று அவரே பிற்காலத்தில் எழுதிவைத்தார். தப்பியிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்!

1793 ஆம் ஆண்டில் அவர் வங்காளம் வந்து சேர்ந்தார். இந்நாட்டாரில் முதல்வர் ஒருவர் ஞானஸ்நானம் பெற 1800 ஆம் ஆண்டு டிசம்பர் வரை, ஏழாண்டு காத்திருந்தார். 1801 இல் வங்க மொழியிற் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1818 இல் செராம்பூர்க் கல்லூரி தோன்றிற்று. இவற்றிற்கிடையே, 1812 ஆம் ஆண்டு மார்ச்சு 11 ஆம் நாள், செராம்பூர் அச்சுக்கூடம் தீக்கிரையாயிற்று. பல்லாண்டு உழைத்தெழுதிய கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. கேரி சோர்ந்திருந்தாரல்லர், இழந்த மொழிபெயர்ப்புக்களை மீண்டும் எழுதத் தொடங்கினார். விடாமுயற்சி ஒன்றே தமக்குக் கைவந்தது என்பது அவர் தம்மைப்பற்றிக் கொண்ட மதிப்பு. அது தீப்பற்றிய அன்று பிறந்ததன்று. தோலும் ஊசியும் கையிலிருந்த நாளிலேயே வேர்கொண்டதாகும்.

நண்பர்களே, நமக்கும் அத்தகைய கடைகள் உண்டு. விடுதிக் கணக்கை எழுதும் நேரம், மேற்பார்ப்பார் இல்லாத பரிசோதனைச்சாலை, பிறர் உறங்குகையில் நாம் முழந்தாளிடும் சில நிமிஷங்கள் ஆகிய இவையே நம் கடைகள். சோதனை முடிவு சரிவராதபோது அயலான் ஏட்டிலுள்ள எண்ணை எடுத்தெழுதுவோமாயின், அச்செல்லாக்காசை நாமும் கையிலேந்தியவராவோம். இக்கல்லூரியை விட்டு நீங்கும்பொழுது பட்டத்தை யாவருங் காண்பர். அதனோடு நாம் கொண்டுசெல்லும் மற்றொன்றைக் கடவுளே அறிவார். அதனை இன்றே, இச்சிறு கடமைகளிலேயே, தேடிக்கொள்வோமாக.